நொடிக்கு மூன்று முறை

பாக்கியநாதனுக்கு அறுபத்தொரு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்துமூன்று. பாளையங்கோட்டையில் மருந்துக்கடை மாடியில் இசைக்கான கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கிற செல்வரதிதான் அந்தக் குரு. அவளிடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்த இவர் அவளை "மாஸ்டர்" என்பார். அவள் இவரை "அண்ணாச்சி" என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். இவர்கள் இரண்டு பேருக்கும் வந்ததில்லை.

அண்ணாச்சி முன்கோபி. அதை அவரே ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொள்ளும்போதும் கோபமாகத்தான் ஒப்புக்கொள்வார்.

கல்யாண வீடு, கோயில் கொடைவிழா, சர்ச் அசன விருந்து என்று இருபத்துநான்கு வருஷம் கீபோர்டு வாசித்தவர். தனியாக இல்லை. மேடையில் இடது பக்கம் இவர், வலது பக்கம் முத்துக்குட்டி. ஒருத்தர் கையை எடுக்கிற இடத்தில் மற்றவர் கை விழும். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்ட நாளெல்லாம் உண்டு.

எட்டு மாதத்துக்கு முன்னால் முத்துக்குட்டிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. பாக்கியநாதன் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் கால்மணி நேரம் நின்றார். வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

முத்துக்குட்டி விடுவதாக இல்லை. தினமும் காலை ஒன்பது மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து போன் வரும். முதல் வாரம் இவர் எடுத்தார். "ஏல முத்து" என்பார். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். இவர் எதையாவது உளறிவிட்டு வைப்பார். அன்றைக்குச் சோறு இறங்காது. அதன்பிறகு எடுப்பதை நிறுத்திவிட்டார். ஒன்பது மணிக்கு மணியடித்தால் போனைக் குப்புறக் கவிழ்த்து வைப்பார். அது பாட்டுக்கு அடித்து ஓயும்.

ஒரு நாள் செல்வரதி கேட்டாள்.

"ஏன் அண்ணாச்சி எடுக்க மாட்டேங்கீங்க?"

"எடுத்து? அவனால ஒரு வார்த்தை பேச முடியுமா? சும்மா மூச்சு விடுதான். சொல்லுததுக்கு ஒண்ணும் இல்லைன்னா எதுக்கு மாஸ்டர் போன் போடணும்?"

செல்வரதிக்கு உடனே பதில் சொல்கிற பழக்கம் கிடையாது.  கையில் இருந்த திருப்புளியைத் துடைத்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

அந்த மாதம் பாக்கியநாதன் தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டர் பூட்டி முடித்தார். மூன்று வாரம் ஆனது. இரண்டு தடவை திட்டினார், ஒரு தடவை உதைக்கப் போனார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். கடைசியில் அது உயிர் பெற்று எழுந்தபோது இவர் மேலே பார்த்துக் கும்பிட்டார்.

இனி அவருடைய பழைய கீபோர்டை அதில் இணைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு மினி வேனில் முத்துக்குட்டியின் கீபோர்டும் வந்து இறங்கியது. அவன் மனைவி பேச்சியம்மாள் அனுப்பியிருந்தாள். "சும்மா தூசி அடையுது, அண்ணன் வாசிக்கட்டும்னு அவரே கையைக் காட்டினாரு" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டிருந்தாள். அது திங்கட்கிழமை. புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு இரண்டு பெட்டிகளையும் மேசையில் ஏற்றினார்கள்.

பழைய கீபோர்டுகளின் முதுகில் ஐந்து ஓட்டை உள்ள வட்ட வாய்கள் இருக்கும். ஒன்று அவுட், ஒன்று இன். புதுக் கம்ப்யூட்டரில் அந்த மாதிரி வாயே கிடையாது. நடுவில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு சின்னப் பெட்டி வேண்டும். செல்வரதி அதை எடுத்துக் கொடுத்தாள். அதன் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு இருந்தது.

முதலில் தன் கீபோர்டில் அவுட் என்று போட்டிருந்த வாயில் வயரின் ஒரு முனை. மறுமுனையையும் சோப்பு டப்பாவில் அவுட் என்று போட்டிருந்த வாயிலேயே சொருகினார் பாக்கியநாதன். பொருத்தம் பார்த்துச் சொருகிய திருப்தி முகத்தில் தெரிந்தது. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

"அண்ணாச்சி, ரெண்டு பேரும் பேசினா யாரு கேக்கது?"

நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றிச் சொருகினார். இப்போது அழுத்தினார். பச்சை விளக்கு ஒரு தரம் மின்னியது. கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வயலின் கிளம்பியது.

"ஆத்தாடி! என் பெட்டிச் சத்தம் உள்ள போயிட்டே!"

"சத்தம் போகல. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தினீங்க, எப்ப விட்டீங்க. அந்தச் சேதி மட்டும்தான் போகுது. சத்தத்தை இது போட்டுக்கிடுது."

அவர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபத்துநான்கு வருஷமும் இதற்குள் சத்தமில்லாமல் ஒரு சேதி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அடுத்து முத்துக்குட்டியின் கீபோர்டு. சொருகினார். யாரும் தொடவில்லை. பச்சை விளக்கு மினுங்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை.

"மாஸ்டர், இது கோளாறு."

"அப்படியா?"

வயரை மாற்றினார். மினுங்கியது. வட்ட வாயைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். மினுங்கியது. "முத்துக்குட்டி பெட்டில்லா, அவனை மாதிரியே வம்பு பிடிச்சது" என்று திட்டினார். செல்வரதி திரையில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து காட்டினாள். உள்ளே வருகிற சேதி எல்லாம் அதில் வரி வரியாக விழும். ஒரே வரி திரும்பத் திரும்ப விழுந்துகொண்டே இருந்தது. நொடிக்கு மூன்று, நான்கு தடவை.

"கட்டை நம்பர் இல்ல, அழுத்தம் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் குப்பை" என்றார் அவர். தேடிப் பிடித்து, அந்த வரியை உள்ளே விடாமல் வடிகட்டுகிற இடத்தில் ஒரு டிக் போட்டார். திரை அமைதியாகிவிட்டது. "பாத்தீங்களா?" என்றார் பெருமையாக.

"வாசிங்க அண்ணாச்சி."

அவர் முத்துக்குட்டியின் பெட்டிக்கு முன்னால் நின்று இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். ஆர்கன் சத்தம் மாடி முழுக்க நிறைந்தது. அவருக்கே புல்லரித்துவிட்டது. அந்த சந்தோஷத்தில் ஒரு எட்டு பின்னால் வைத்தார், வயர் காலில் மாட்டிக் கழன்று விழுந்தது.

கையை எடுத்தார். சத்தம் நிற்கவில்லை.

மறுபடி எல்லாக் கட்டையையும் தட்டினார். நிற்கவில்லை. கீழே மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, கப்பல் வருதா?" என்று கத்தினார்.

"மாஸ்டர், நிக்க மாட்டேங்கு!"

"எப்படி நிக்கும்? கையை எடுத்த சேதி அதுக்கு வரலையே. நீங்க இன்னும் அழுத்திக்கிட்டே இருக்கீங்கன்னு அது நினைச்சுக்கிட்டு இருக்கு."

ஒரு பொத்தானை அழுத்தி அவளே நிறுத்தினாள். பிறகு அவர் போட்ட டிக்கை எடுத்தாள். வயரைத் திரும்பச் சொருகினாள். பச்சை விளக்கு பழையபடி மினுங்கியது.

"இப்பப் பிடிங்க."

பிடித்தார். ஆர்கன் எழுந்தது. விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. செல்வரதி வயரைப் பிடுங்கினாள்.

சத்தம் தானாக அடங்கியது. பாக்கியநாதன் இன்னும் கட்டைகளை அழுத்திப் பிடித்தபடியே நின்றார். வாய் திறந்திருந்தது.

"இது எப்படித் தெரிஞ்சுக்கிட்டு?"

"நீங்க குப்பைன்னு சொன்னீங்கல்லா, அந்த வரி. பழைய பெட்டிகள்ல சிலது மட்டும்தான் அதை அனுப்பும். யாரும் வாசிக்கலைன்னாலும் அனுப்பும். 'நான் இருக்கேன்'. அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம்."

"வேற ஒண்ணும் சொல்லாதா?"

"வேற ஒண்ணும் சொல்லாது. அது ஒரு நொடி வரலைன்னாலே, கேட்டுக்கிட்டு இருக்கவருக்குத் தெரிஞ்சுபோகும், அந்தப் பக்கம் என்னமோ ஆயிட்டுன்னு."

அவள் வயரைச் சொருகினாள். விளக்கு மினுங்கியது. பாக்கியநாதன் குனிந்து அதன் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். சாமி முன்னால் நிற்கிற ஆள்கூட அப்படிப் பார்க்க மாட்டான். முப்பது வருஷத்துப் பெட்டி. மஞ்சளேறிய கட்டைகள். எத்தனை பந்தலில் இவர் டீ குடிக்கப் போயிருந்தபோதும், சண்டை போட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருந்தபோதும், அது பாட்டுக்கு வயர்கூட இல்லாத வாயால் இதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. சட்டைப் பையைத் தடவினார். போனை எடுத்தார்.

இன்றைக்கு ஒன்பது மணிக்கு மணியடிக்கவில்லை. நேற்றும் அடிக்கவில்லை. நேற்று அடிக்காதபோது 'அப்பாடா' என்று இருந்தது அவருக்கு. அதுவும் இப்போது ஞாபகம் வந்தது.

"மாஸ்டர், ரெண்டு நாளா வரலை."

 செல்வரதி நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டாள்.

உட்காரவில்லை. நின்றபடியே நம்பரைப் போட்டார். ஒரு தடவை தப்பாகப் போட்டு, அழித்து, மறுபடி போட்டார். அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டே இருந்தது. இத்தனை மாதமாக முத்துக்குட்டி கேட்டது இந்தச் சத்தத்தைத்தான்.

எடுத்தது பேச்சியம்மாள்.

"பேச்சி, அவன் எங்க? அவனுக்கு என்ன?"

"இருக்காரு அண்ணே. அந்தக் கீபோர்டை வண்டியில ஏத்தினதிலேர்ந்து போனையே தொட மாட்டேங்காரு. நான் எடுத்துக் குடுத்தாலும் தள்ளிவிடுதாரு. இந்தா, நான் அண்ணேன்னு சொன்னதும் கையை நீட்டுதாரு. குடுக்கேன்."

என்னவோ உரசியது. பிறகு மூச்சுச் சத்தம். ஏறி இறங்கி, ஏறி இறங்கி.

பாக்கியநாதன் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். கண்ணில் தண்ணீர் நின்றது. முன்கோபக்காரர் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"மாஸ்டர், லைன்ல இருக்கான். நான் என்னத்தச் சொல்ல?"

"அவரு சொல்லுததையே நீங்களும் சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டு பக்கமும் யாரும் போனை வைக்கவில்லை.