வளையும் மாலையும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நல்ல ராஜாதான். ஆனால் கோபம் வந்துவிட்டால், மூளையை அந்தப்புரத்தில் கழற்றி வைத்துவிட்டு வந்தவர் போல ஆணை போடுவார்.

அவருக்குச் சடையன் என்றொரு எடுபிடி ஆள். ஓடு என்றால் ஓடுவான், தேடு என்றால் தேடுவான். வேலையில்லாத நேரத்தில் அரண்மனைத் தோட்டத்தில் பெருச்சாளி பிடிப்பான். ராணியின் பிறந்தநாளன்று ராஜா அவனைக் கூப்பிட்டு, "நல்ல வளையாகப் பார்த்து வந்து சொல்" என்று அனுப்பினார்.

சற்று நேரத்தில் சடையன் முழங்கால் வரை மண்ணோடு சபைக்குள் ஓடி வந்தான். ராணி ஆசையாகக் கையை நீட்டினாள்.

"பெரிய வளையாப் பார்த்து வச்சிருக்கேன், மகாராஜா! பெருச்சாளி உள்ளேதான் இருக்கு. ராணியம்மா கையை விட்டே பார்க்கலாம்!"

சபை சிரித்துக் குலுங்கியது. ராணி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ராஜாவின் முகம் சிவந்துவிட்டது.

இதற்காகவே காத்திருந்தவர் போல மந்திரி குணவர்மர் எழுந்தார். அதே சபையில் இருந்த விகடகவி வேம்பனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். ஒரு சொல்லை இரண்டாகப் புரட்டித்தானே அவன் பிழைக்கிறான்!

"மன்னா, இனி ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று சட்டம் போடுங்கள். மீறுபவரை நாடு கடத்துங்கள். விகடகவி உட்பட."

கோபத்திலும் ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "பொருளை நீரே முடிவு செய்யும்" என்று தம் கழுத்திலிருந்த பூமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார்.

மந்திரி எழுத்தாணியை எடுத்தார். "வளை என்றால் கைவளை மட்டுமே" என்று வாசித்துக்கொண்டே ஓலையில் எழுதினார். பிறகு கழுத்து மாலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "மாலை என்றால் பூமாலை மட்டுமே" என்றும் எழுதினார். ராஜா முத்திரை வைத்தார்.

"முதல் குற்றவாளி சடையன். இவனை நாடு கடத்துகிறேன்!"

சடையன் ராஜாவின் காலில் விழுந்தான். "சாமி, எம் பொஞ்சாதிக்கு இது ஒன்பதாம் மாசம். இப்ப எங்கே கூட்டிட்டுப் போவேன்?"

வேம்பன் எழுந்து வணங்கினான்.

"மன்னா, இவன் எதற்குள் வெளியேற வேண்டும்?"

"இன்று மாலைக்குள்!"

"உத்தரவு" என்ற வேம்பன் நேராக மந்திரியிடம் போனான். அவர் கழுத்து மாலையை அகலமாக விரித்துப் பிடித்தான். "சடையா, வா. தலையை இதற்குள் நுழை."

"என்ன அக்கிரமம் இது!" என்று அலறினார் மந்திரி.

"ஐயா, மாலை என்றால் பூமாலை மட்டுமே என்று எழுதியவர் தாங்கள். இன்று சபையில் இருக்கும் மாலை இது ஒன்றுதான். இவன் இதற்குள்தான் வெளியேற வேண்டும். தாங்களும் இதற்குள் இருக்கிறீர்கள். மன்னர் போட்ட மாலையைக் கழற்றுவதோ மரியாதை இல்லை. ஆகவே இருவரும் சேர்ந்தே எல்லையைத் தாண்டுங்கள். வழிக்குக் கட்டுச்சோறு என் பொறுப்பு."

ஒரு மாலைக்குள் இரண்டு தலைகள். சடையனின் மண்ணெல்லாம் மந்திரியின் பட்டில் அப்பியது. வேம்பன் இருவரையும் வாசல் வரை தள்ளிக்கொண்டே போய்விட்டான். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மந்திரி கதறினார்.

"மன்னா! மாலை என்றால் சாயங்காலமும்தான்!"

ராஜா கையை உயர்த்தி வேம்பனை நிறுத்தினார்.

"அப்படியானால் வளைக்கு எத்தனை பொருள்?" என்று கேட்டார் ராஜா.

மந்திரி தலையைக் குனிந்தார். "இரண்டு, மன்னா. எலியின் வளையும் வளைதான்."

"உம் சட்டத்தை முதலில் நான் மீறினேன், இப்போது நீரும் மீறிவிட்டீரே!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓலையை முறித்துப் போட்டார். தம் பட்டுச் சால்வையை வேம்பனுக்குப் போர்த்தினார். மந்திரியின் மாலையும் அவனுக்கே போயிற்று. "சடையா, உன் பிள்ளை இந்த ஊரிலேயே பிறக்கட்டும்" என்றார். சடையனுக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது.

"சரி, ராணியின் கை இன்னும் வெறுங்கைதான். ஓடிப்போய் ஒரு வளை கொண்டு வா."

சடையன் வாசல் வரை ஓடினான். நின்றான். திரும்பினான்.

"கையில போடுற வளையா, கையை விடுற வளையா, மகாராஜா?"

ராணிதான் முதலில் சிரித்தாள். ராஜாவும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கையில் போடுவதுதான். காலையில் நான் அதைச் சொல்லித்தான் அனுப்பியிருக்க வேண்டும்."