புளியங்கொட்டைத் தோல்

"இல்லைன்னு எழுதிடறேன், ஜுலைகா. ஆளை விடு" என்றார் செங்கமலம்.

பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றபின் ஆராய்ச்சிக்கு வந்தவர் அவர். வழிகாட்டியோ அவரிடமே படித்த பெண், ஜுலைகா. ஊர் சிரித்தது. சிரிக்கட்டும், யாருக்கு என்ன?

வேலை இதுதான். முருங்கைத் தண்டை மெல்லிசாகச் சீவி, அதன்மேல் ஆன்டிபாடி விட வேண்டும். அது மகா பிடிவாதம் பிடித்தது. செல் சுவரில் எத்தனை சர்க்கரைச் சங்கிலி கிடந்தாலும் தனக்கு உரிய ஒன்றைத்தான் பிடிக்கும். பிடித்த இடம் மைக்ரோஸ்கோப்பில் பச்சையாக மின்னும். செங்கமலம் தேடியது சைலோகுளுக்கன் என்ற சங்கிலியை.

மின்னினால்தானே! மாதக்கணக்கில் ஒரே கும்மிருட்டு.

"ஆன்டிபாடி கெட்டுப்போச்சு. இல்லேன்னா தண்டுல அந்தச் சரக்கே கிடையாது. நாளைக்கு அறிக்கை குடுக்கணும். இந்த வயசுல எனக்கு இது தேவையா?"



ஜுலைகா எழுந்து கேன்டீனுக்குப் போய் ஒரு புளியங்கொட்டையோடு வந்தாள்.

"மிஸ், இதுல சைலோகுளுக்கன் இருக்கா?"

"ஏகத்துக்கு இருக்கு. எனக்கே பாடமா?"

"அப்ப ஆன்டிபாடி விட்டுப் பாருங்க."

"தோலோடயா? அடி அசடே, வறுத்துத் தோலை எடுக்காம உள்ள எப்படிடீ..."

செங்கமலம் அப்படியே நின்றார்.

பெக்டின்! ஜாமை உறைய வைக்கிற அதே பெக்டின் செல் சுவரிலும் உண்டு. அதுதான் மேலே அப்பிக்கொண்டு சைலோகுளுக்கனை மூடியிருக்கிறது. அதைக் கரைக்கும் நொதி குளிர்பெட்டியில்தான் இத்தனை நாளும் சும்மா கிடந்தது.

அன்று மதியம் நொதியால் பெக்டினைக் கரைத்துவிட்டு, அதே ஆன்டிபாடியை மறுபடி விட்டுப் பார்த்தார்.

சுவர் சுவராகப் பச்சை.

"அடி என் தங்கமே! உன்னைப் போய்க் கெட்டுப்போனேன்னு சொன்னேனே!" என்று ஆன்டிபாடிக் குப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஜுலைகாவின் கையைப் பிடித்தார்.

"நீ நல்லா இருக்கணும். ஆனா மூடித்தான் இருக்கும்னு உனக்கு எப்படிடீ தோணுச்சு?"

"பிளஸ் ஒன்ல நான் வாயே திறக்க மாட்டேன். இவ மண்டைல ஒண்ணும் இல்லைன்னு எல்லா டீச்சரும் எழுதிட்டாங்க" என்றாள் ஜுலைகா. "நீங்க மட்டும், கிளாஸ் காலியாகுற வரைக்கும் இருந்து, கேள்வி கேட்டீங்க மிஸ். எல்லாத்துக்கும் பதில் சொன்னேன்."