கோணமூக்கிக்குத் தனிச் சிரட்டை

பிச்சையம்மை என்ற ஞானி ஆற்றங்கரைக் குடிலில் நான்கு பெண்களுக்குப் பாடம் சொல்லிவந்தாள். மூவர் காலையில் கேட்பார்கள், கேட்டதை ஒப்பிப்பார்கள், எழுந்து வேலைக்குப் போய்விடுவார்கள். நான்காமவள் வடிவு. எதைச் சொன்னாலும் "அதெப்படி?" என்பாள். காலையில் முடிந்த பாடம் அவளுக்கு மட்டும் மாலையில் மறுபடி தொடங்கும். விளக்கேற்றும்வரை இருவரும் வாதாடுவார்கள். அந்தப் பொழுதை வடிவு தன் சொத்தாகவே நினைத்திருந்தாள்.

அதில் மண்ணைப் போட்டது ஒரு கோழிக்குஞ்சு.

கொல்லையில் பொரித்த ஒன்பதில் அதற்கு மட்டும் மூக்கு கோணல். மேலலகு இடப்பக்கம், கீழலகு வலப்பக்கம். கத்தரிக்கோலை விரித்தாற்போல இருக்கும். தரையில் கொத்தினால் மண்தான் வரும், மணி வராது. பிச்சையம்மை அதை மடியில் வைத்து, ஆழமான தேங்காய்ச் சிரட்டையில் கேழ்வரகு மாவைக் குழைத்து ஊட்டினாள். பகலில் இரண்டு முறை; மூன்றாவது மாலையில், வடிவின் நேரத்தில்.

"கோணமூக்கி தின்னு முடிக்கட்டும், வடிவு."

வடிவு ஒரு மாதம் காத்திருந்தாள். கோழி வாய்க்கு வாய் தலையைச் சாய்த்து ஊரை வேடிக்கை பார்த்தது. வேண்டுமென்றே செய்கிறது என்று வடிவுக்குப் பட்டது.

ஒருநாள் காலைப் பாடம் முடிந்ததும் அம்மை பக்கத்து ஊருக்குக் கிளம்பினாள். "கோணமூக்கியைப் பார்த்துக்கோ" என்று வடிவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

வடிவு சிரட்டையைக் கவிழ்த்து வைத்தாள். கம்பை அள்ளிக் கொல்லை முழுக்க இறைத்தாள்.

மாலையில் திரும்பிய அம்மை கோழியைத் தூக்கி அதன் கழுத்தடியைத் தடவிப் பார்த்தாள். இரைப்பை வெறும் தோலாகத் தொங்கியது.

"பட்டினி போட்டியா?"

"இல்லம்மா. கம்பு கொல்லை பூரா கிடக்கு. ஒன்பதுக்கும் ஒரே நீதி. இதுக்கு மட்டும் என்ன தனிச் சிரட்டை, தனி மடி? நியாயம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"இருக்கு" என்றாள் அம்மை. உட்கார்ந்து மாவைக் குழைத்தாள். கோழி தின்ற வேகத்தில் மாவு அவள் முழங்கை வரை தெறித்தது. வடிவு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, பாடம்?"

"காலையில சொன்னேனே."

"அதுல எனக்கு ஏழு கேள்வி இருக்கு."

"மத்த மூணு பேருக்கும் ஒண்ணும் இல்லையே."

"அவங்களும் நானும் ஒண்ணா?"

அம்மை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு வருஷமா அவங்களும் என்கிட்ட வந்து கேட்கிறாங்க, வடிவு. 'அவளுக்கு மட்டும் என்ன தனிப் பொழுது? நியாயம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?'னு."

வடிவு அம்மையின் அருகே வந்து உட்கார்ந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

அம்மை பாதி மாவு மிச்சமிருந்த சிரட்டையை அவள் கையில் கொடுத்தாள்.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடி. அதுக்கு இன்னும் பசி அடங்கல."