மைனா பார்க்காத அடிவயிறு

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில் மைனா ஒன்று இருந்தது. எதையும் தானே முதலில் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் அதற்கு.

புதிய பூச்சி எதையாவது கண்டால், அதன் அடையாளத்தை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். முதலில் சொல்பவரின் பெயரையே அந்தப் பூச்சிக்கு வைப்பார்கள். இது அந்தக் காட்டு வழக்கம்.

ஒரு நாள் காலை, பட்டுப்போன மருத மரத்தில் யாரும் கண்டிராத வண்டு ஒன்றை மைனா பார்த்தது. பச்சை முதுகு, அதில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். பட்டையை இறுகப் பற்றியபடி அசையாமல் இருந்தது. பக்கத்துக் கிளையில் கரிச்சானின் குரல் கேட்டது. அது முந்திக்கொண்டால்? மைனா அப்படியே கிளம்பிவிட்டது.

நாவல் மரத்தடியில் எல்லோரும் கூடினார்கள்.

"பச்சை முதுகு, இரண்டு வெள்ளைப் புள்ளி. சாதுவான வண்டு" என்றது மைனா.

எதையும் சட்டென்று நம்பாத உடும்பு கேட்டது: "அடிவயிறு எப்படி இருந்தது?"

மைனா அவசரமாகச் சொன்னது: "அதுவும் பச்சைதான். பார்த்தேனே."

"தின்னலாமா?" என்று கேட்டது கௌதாரி. அதன் நான்கு குஞ்சுகளும் இரண்டு நாளாகப் பட்டினி.

"தாராளமாக."

'மைனா வண்டு' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் மைனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருத மரத்துக்குத் திரும்பிப் போய், ஒரு குச்சியால் வண்டைப் புரட்டியது. அடிவயிறு இரத்தச் சிவப்பு. கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது. அதில் கால் வைத்த எறும்பு சுருண்டு செத்தது.

போய்ச் சொன்னால் பொய் வெளிப்பட்டுவிடும். பெயரும் போய்விடும். 'கௌதாரியின் கண்ணில் இது படாமலே போகலாமே' என்று மைனா கிளையிலேயே உட்கார்ந்திருந்தது.

கீழே சருகு சலசலத்தது. கௌதாரி குஞ்சுகளோடு வந்து நின்றது. மரத்தின் வேரில் அதே வண்டுகள் இன்னும் மூன்று.

"பயப்படாதே கண்ணு. மைனா அக்கா நன்றாகப் பார்த்துச் சொன்னதுதான்" என்று மூத்த குஞ்சை முன்னே தள்ளியது கௌதாரி. குஞ்சு ஒரு வண்டைக் கவ்விவிட்டது.

மைனா அவர்கள் நடுவே வந்து விழுந்தது.

"துப்பு. விழுங்காதே. நான் அடிவயிற்றைப் பார்க்கவே இல்லை. பொய் சொன்னேன்."

குஞ்சு துப்பியது. அதற்குள் அதன் நாக்கு நுனியில் கொப்புளம் எழும்பியிருந்தது. கௌதாரி அதைப் பாறைக் குழித் தண்ணீருக்கு ஓட்டிச் சென்றது. மைனாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

குஞ்சு பிழைத்தது. மைனா நாவல் மரத்தடியில் எல்லோர் முன்னும் உண்மையைச் சொன்னது. வண்டின் பெயர் 'கொப்புள வண்டு' என்று மாறியது.

அடுத்த மாதம் ஓடைக்கரையில் இன்னொரு புதுப் பூச்சி வந்தது. மைனா அதன் அருகிலேயே உட்கார்ந்திருந்தது.

"தின்னலாமா?" என்று கௌதாரி தயங்கித் தயங்கிக் கேட்டது.

"தெரியாது. இன்னும் பார்த்து முடிக்கவில்லை" என்றது மைனா.

கௌதாரி குஞ்சுகளை இறக்கைக்குள் அணைத்துக்கொண்டு அங்கேயே காத்திருந்தது.

நீதி: காணாததைக் கண்டதாகச் சொல்லாதே; சொல்லிவிட்டால், திருத்தத் தாமதிக்காதே.