ஆட்டோவில் வைத்த கேமரா

அம்பாசமுத்திரத்தில் ஆவுடையப்பன், குற்றாலிங்கம், சுடலைமுத்து என்று மூன்று பேர் சேர்ந்து ஒரு ஸ்டூடியோ நடத்திவந்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஃபிலிம் கேமரா. ஒருவர் படம் பிடிப்பார், ஒருவர் "சிரிங்க" என்பார், ஒருவர் சிரிப்பார். ஃபிலிம் ரோல் கிடைப்பது அடியோடு நின்றுபோன வருஷம் பார்த்து, பிரமநாயகம் தன் ஒரே மகள் கல்யாணத்துக்கு அவர்களை அமர்த்தினார்.

"டிஜிட்டல் கேமரா வாங்கிருங்க. ரொம்ப விலையும் வேண்டாம், ரொம்ப மலிவும் வேண்டாம். நடுவுல உள்ளதா பாத்து எடுங்க" என்றார்.

திருநெல்வேலிக் கடையில் கண்ணாடித் தட்டில் கேமராக்களை விலைப்படி வரிசையாக அடுக்கியிருந்தார்கள். சுடலைமுத்து எண்ணினார். எட்டு.

"எட்டுல நடு ஏதுவே?" என்றார் ஆவுடையப்பன்.

"நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் இடையில இருக்கு அண்ணாச்சி."

"அங்க வெறும் கண்ணாடிதான இருக்கு."

"கண்ணாடி படம் எடுக்காது" என்றார் குற்றாலிங்கம், நன்றாக யோசித்துவிட்டு.

ஒன்று விற்றால் ஏழாகும், ஏழுக்கு நடு உண்டு என்று முடிவுசெய்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மத்தியானம் ஒருவர் வந்து இரண்டு வாங்கிப்போனார். ஆறாயிற்று. சாயங்காலம் காலேஜ் வாத்தியார் ஒருவர் ஒன்று வாங்கிய பிறகுதான், மிஞ்சிய ஐந்தில் மூன்றாவதை நிம்மதியாக எடுத்தார்கள்.

விற்ற பெண் பொறுமைசாலி. "பழகுற வரைக்கும் ஆட்டோல வச்சிருங்க சார். வெளிச்சம், தூரம் எல்லாத்தையும் அதுவே பாத்துக்கிடும்."

கல்யாணத்தன்று காலையில் மைதீனின் ஆட்டோவைப் பேசி, பின்சீட்டில் துண்டு விரித்து, கேமராவை உட்கார வைத்தார்கள். மண்டபத்து வாசலில் ஏழு படி.

"ஆட்டோ ஏறாது. கல்யாணத்தைக் கீழ இறக்கச் சொல்வோமா?" என்றார் குற்றாலிங்கம்.

பிரமநாயகம் சம்மதிக்கவில்லை. கடைசியில் படிமேல் பலகை சாய்த்து, சமையல்காரர்கள் பின்னாலிருந்து தள்ள, ஆட்டோ மணமேடைக்கு எதிரே வந்து நின்றது. மூவரும் கைகட்டி ஒதுங்கிக்கொண்டார்கள்.

கேமரா சும்மா இருந்தது.

"என்ஜின் ஓடணுமோ என்னமோ" என்றார் சுடலைமுத்து. மைதீன் ஓடவிட்டார். அப்போதும் சும்மாதான் இருந்தது. ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டார். மைதீனுக்குப் பொறுக்கவில்லை. எட்டிக் கேமராவை எடுத்து அவரே அமுக்க ஆரம்பித்தார். தாலிகட்டு, மெட்டி, பந்தி என்று இருநூறு படம். எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன.

"ஆட்டோல வச்சா போதும்னு அந்தப் பிள்ளை சொல்லிச்சுல்ல" என்று சுடலைமுத்து கண்கலங்கினார்.

கேமராவைத் திருப்பித் தரும்போது மைதீன், "பிடிக்காததை மட்டும் இந்தப் பட்டனை அமுக்கி அழிச்சிருங்க" என்றார்.

மூவரும் ஸ்டூடியோவில் உட்கார்ந்து மனசாட்சிப்படி பார்த்தார்கள்.

"மாப்பிள்ளையோட பெரியப்பாவ எனக்குப் பிடிக்கல. என் நாற்காலியில உக்காந்துட்டாரு" என்றார் குற்றாலிங்கம். பெரியப்பா இருந்த படங்கள் போயின. சுடலைமுத்துவுக்குத் தவில்காரரைப் பிடிக்கவில்லை. ஆவுடையப்பன் வெகுநேரம் தயங்கிவிட்டு, "மாப்பிள்ளை எனக்கு ஒரு வணக்கம் சொல்லலயேவே" என்றார்.

கடைசியில் ஒரு படம் மிஞ்சியது. இலையில் பாயசம். அது மூவருக்கும் பிடித்திருந்தது. பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

பிரமநாயகம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் மக எங்கவே?" என்றார்.

"பிள்ளைய எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் அண்ணாச்சி. அது எல்லாப் படத்துலயும் மாப்பிள்ளை பக்கத்துலயே நின்னுட்டுது" என்றார் ஆவுடையப்பன்.

பிரமநாயகம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மூவரும் தெருவில் இறங்கி நடந்தபடியே யோசித்தார்கள். பிடிக்காததால் போன படங்கள், பிடித்துவிட்டால் திரும்பி வந்துதானே ஆகவேண்டும்?

நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்கள். அவர் எழுந்து வணக்கம் சொன்னார். காபி கொடுத்தார். ஃபேனை ஆவுடையப்பன் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

ஆவுடையப்பன் நெகிழ்ந்துபோனார். "எனக்குப் பிடிச்சிருச்சு. பாருங்கவே" என்றார்.

அவசரமாகக் கேமராவைப் போட்டுப் பார்த்தார்கள். பாயசம் மட்டும்தான் இருந்தது.

"இன்னும் முழுசாப் பிடிக்கல போல" என்றார் குற்றாலிங்கம்.

சுடலைமுத்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே நின்ற மணப்பெண்ணைப் பார்த்துச் சொன்னார்: "தாயி, நாங்க ஒரு வாரம் இங்கதான் இருப்போம். பெரியப்பாவையும் வரச் சொல்லி ஆள் அனுப்புங்க. அவரையும் பிடிக்க வேண்டியிருக்கு."