வெள்ளமாக விளையாடிய குட்டி

ஒரு காட்டில் ஓடிய ஆற்றில் திடீரென்று பெருவெள்ளம் வந்தது. கரையோரப் பொந்துகள் எல்லாம் போயின. தாய் நீர்நாய் ஒரு பக்கமும், அவள் குட்டி துடுப்பன் இன்னொரு பக்கமுமாக அடித்துச் செல்லப்பட்டார்கள். வெகுநேரம் தேடி அலைந்த பிறகுதான், ஒரு மரக்கிளையில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டியைத் தாய் கண்டுபிடித்தாள். நல்லவேளை, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

வெள்ளம் வடிந்துவிட்டது. ஆனால் துடுப்பன் தண்ணீரில் கால் வைக்க மாட்டேன் என்றான். தண்ணீரில் இறங்காத நீர்நாய் எப்படி மீன் பிடிக்கும், எப்படிப் பிழைக்கும்? தாய் கண்டவரிடமெல்லாம் சொல்லிப் புலம்பினாள்.

எதிலும் மூக்கை நுழைக்கும் குரங்கு ஒன்று வந்தது. "இதெல்லாம் ஒரு விஷயமா? பிடிச்சுத் தள்ளிவிடு. தானா நீந்துவான்" என்றது.

அதன் பேச்சைக் கேட்டுத் தாயும் தள்ளிவிட்டாள். துடுப்பன் அலறிக்கொண்டே கரையேறி, பாறை இடுக்கில் போய் ஒடுங்கினான். அன்று முழுக்க வெளியே வரவில்லை. குரங்கோ அடுத்து யாருக்கு யோசனை சொல்லலாம் என்று போய்விட்டது.

மறுநாள் துடுப்பன் மணலில் ஒரு பொந்து தோண்டினான். "வெள்ளம் வருது, வெள்ளம் வருது" என்று வாலால் அடித்து அதைக் கலைத்தான். மறுபடியும் தோண்டினான், மறுபடியும் கலைத்தான்.

'அந்தப் பேச்சே வேண்டாம்' என்று சொல்லத் தாய் வாயெடுத்தாள். முந்தின நாள் தள்ளிவிட்டது நினைவுக்கு வந்து சுருக்கென்றது. பேசாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நானும் சேர்ந்துக்கட்டுமா?"

"சேர்ந்துக்கோ. நீதான் குட்டி. நான் வெள்ளம்."

துடுப்பன் மணலை வாரி இறைத்தான். தாய் உருண்டு விழுந்து, "அம்மா, எங்கே இருக்கே? பயமா இருக்கு" என்று கூப்பிட்டாள்.

துடுப்பன் அப்படியே நின்றுவிட்டான். "நானும் இப்படித்தான் கூப்பிட்டேன். நீ ஏன் வரலை?"

பாவம், இத்தனை நாளும் இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு தவித்திருக்கிறான்!

"என்னையும் தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு, தங்கம். கரையேறினதும் உன்னைத்தான் தேடினேன். எனக்கும் பயமா இருந்துச்சு."

"உனக்குமா?"

"ரொம்ப."

துடுப்பன் அவள் மேல் விழுந்து தேம்பித் தேம்பி அழுதான். தாய் தடுக்கவில்லை. அழுது ஓயும்வரை முதுகை நக்கிக்கொடுத்தாள்.

"இப்ப நான் அம்மா" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தாய் மறுபடியும் உருண்டாள். உருண்ட வேகத்தில் ஆற்றோரத் தண்ணீருக்குள் போய் விழுந்தாள். "அம்மா!" என்று குட்டிபோலக் கூப்பிட்டாள்.

"இதோ வந்துட்டேன், பயப்படாதே" என்று துடுப்பன் பாய்ந்து வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். வயிறுவரை தண்ணீரில் நிற்கிறோம் என்பது அதன் பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

தாய் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"பசிக்குதும்மா" என்றான் துடுப்பன், காலடியில் நெளிந்தோடிய மீனைப் பார்த்தபடி.

நீதி: பயந்த பிள்ளையைப் பிடித்துத் தள்ளாதே, பக்கத்தில் உட்கார்ந்து காது கொடு.