மேசைக்கு வந்த பதில்

கோயம்புத்தூர் கணபதியில் நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார்கள். சென்னியப்பன், நாச்சிமுத்து, ஆரோக்கியம், ரங்கராசு. இரும்பு விஷயத்தில் நாலு பேரும் கெட்டிக்காரர்கள். மற்ற விஷயங்களில் மூளைக்கு நிரந்தர லீவு கொடுத்திருந்தார்கள்.

சென்னியப்பனுக்கு வீட்டில் மிருதுளா என்றொரு பெண்ணைப் பார்த்தார்கள். போட்டோவைப் பார்த்ததிலிருந்து அவனுக்குத் தூக்கமே இல்லை. அவளோ, "உங்க ஃப்ரெண்ட்ஸையும் கூட்டிட்டு வாங்க. பேசிப் பார்த்துட்டு என் முடிவைச் சொல்றேன்" என்று ஒரு ஓட்டலின் பெயரைச் சொன்னாள். ஜப்பான், கொரியா, தாய்லாந்து சமையலையெல்லாம் ஒரே சட்டியில் கலக்கிற புது ஓட்டல்.

நாலு பேரும் முன்னதாகவே போய் உட்கார்ந்தார்கள். சர்வர் பணிவாகச் சொன்னார்: "இங்க யாருக்கும் தனித்தனியா வராது சார். மேசைக்கு என்ன வந்தாலும் எல்லாரும் பகிர்ந்துக்கணும். அதுதான் இங்க முறை."

முறை என்று சொன்ன பிறகு மீறலாமா? முதலில் மெனு அட்டை வந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் படித்தார்கள். அடுத்தவன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஆவி பறக்கக் கொழுக்கட்டை மாதிரி ஒன்று வந்தது. தட்டில் மூன்றுதான் இருந்தன.

"மூணை நாலு பேருக்கு எப்படிடா வெட்டறது?" என்றான் ஆரோக்கியம்.

"கண்ணளவுல வெட்டுனா ஜாப் ரிஜெக்ட் ஆயிரும்" என்று நாச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து நூலளவும் தப்பாமல் அளக்கிற வெர்னியரை எடுத்தான். அளந்து அளந்து வெட்டினார்கள். உள்ளேயிருந்த முட்டைக்கோஸையும் ஒவ்வொரு இழையாக அளந்தார்கள். அதற்குள் கொழுக்கட்டை ஆறிப்போய் ரப்பராகிவிட்டது.

அடுத்த தட்டின் ஓரத்தில் பச்சையாக ஒரு உருண்டை இருந்தது. மூக்கில் சுருக்கென்று ஏறுகிற காரம் அது. நகக்கண் அளவு தொட்டுக்கொண்டால் போதும். சென்னியப்பன் மல்லிச் சட்னி என்று நினைத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டான். கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது.

மற்ற மூவரும் கவலையோடு பார்த்தார்கள்.

"இவன் ஒருத்தனே அழுவறான். இது முறையில்லையே" என்றான் ரங்கராசு.

"அழுகையும் மேசைக்கு வந்ததுதானே" என்றான் ஆரோக்கியம்.

இன்னும் மூன்று உருண்டை வரவழைத்து ஆளுக்கொன்று விழுங்கினார்கள். மிருதுளா வந்து சேர்ந்தபோது நாலு ஆண்பிள்ளைகள் விசும்பிக்கொண்டிருந்தார்கள்.

அவள் தயங்கித்தான் உட்கார்ந்தாள். "நீங்க என்ன பண்றீங்க?" என்று சென்னியப்பனைக் கேட்டாள். கேள்வியும் மேசைக்கு வந்ததாயிற்றே.

"லேத்து" என்றான் நாச்சிமுத்து.

"பட்டறை" என்றான் ஆரோக்கியம்.

"வெச்சு" என்றான் சென்னியப்பன்.

"நடத்தறேனுங்க" என்று முடித்தான் ரங்கராசு.

நல்ல பெண், விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சென்னியப்பன் பாதி உருகிவிட்டான். ரங்கராசு கண் எரிச்சல் தாங்காமல் முகம் கழுவ எழுந்து போனான்.

மிருதுளா குரலைத் தாழ்த்தி, "நேரடியாவே கேக்கறேன். என்னைப் பிடிச்சிருக்குங்களா?" என்றாள்.

"எனக்கு" என்றான் நாச்சிமுத்து.

"உங்களை" என்றான் ஆரோக்கியம்.

"ரொம்ப" என்றான் சென்னியப்பன்.

அத்தோடு நின்றுபோனது. மிச்ச வார்த்தை அவன் நாக்கு நுனியில் துடித்தது. ஆனால் அது ரங்கராசுவின் பங்கு. மூவரும் கை கழுவும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிருதுளாவும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"ரொம்பன்னு சொல்லிட்டு மேல சொல்ல வாய் வரலையா? எனக்கு இது சரிப்பட்டு வராதுங்க. வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டாள்.

"பிடிச்சிருக்கு" என்றபடி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான் ரங்கராசு. எதிரே காலி நாற்காலிதான் இருந்தது.

சென்னியப்பன் இந்த முறை நிஜமாகவே அழுதான். பார்க்கப் பாவமாக இருந்தது. நாச்சிமுத்து அவன் தோளில் கை போட்டான்.

"அந்த 'வேண்டாம்' எங்க வந்துச்சு?"

"மேசைக்கு."

"அப்ப நீ ஒருத்தனே எப்படி எடுத்துக்குவே? ஆளுக்குக் கால்."

சென்னியப்பன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தான். "எனக்கு வந்தது கால் 'வேண்டாம்'தான்னா, மிச்சம் முக்கால்?"

"சம்மதம்தான், வேறென்ன" என்றான் ஆரோக்கியம்.

நாலு பேரும் அங்கிருந்து நேராகக் கல்யாண மண்டபத்துக்குப் போய்த் தேதி குறித்தார்கள். சம்மதம் முக்கால்தான் என்பதால், வாடகையில் மணமகள் அறையை மட்டும் கழித்துவிடச் சொன்னார்கள்.